தொட்டி உயிர் பிடித்த தை மாதம்

மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது செந்தில்குமார் ஏணியிலிருந்து விழுந்தார். டெல்லியில் அந்த வாரம் முழுக்கப் பனிமூட்டம். எதிரே வருகிற ஆட்டோ மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கண்ணில் படும். குப்பை மலையின் அடிவாரத்தில் அவர் வேலை பார்க்கிற கசிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், பெரிய தொட்டியின் இரும்பு ஏணி நனைந்து வழுவழுவென்று கிடந்தது. நாலு வருஷமாக ஏறி இறங்கிய ஏணிதான். எட்டாவது படியில் கால் வழுக்கியது. தொட்டிக்குள் போகாமல் வெளிப்பக்கம் சிமெண்டுத் தரையில் விழுந்தார். வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. அடியிலிருந்து காற்று அடித்துக் கொதிப்பதுபோலப் புரளும் அந்தத் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவனும் மிதக்க முடியாது, உள்ளே விழுந்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அவர் மனைவி அம்சவேணி அதையே பிடித்துக்கொண்டாள். கால்தானே, போகட்டும் என்று கும்பிட்டாள்.

செய்தி வந்தபோது அவள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பட்டாபியின் மளிகைக் கடையில் உட்கார்ந்து, பொங்கலுக்கு வந்திறங்கிய உருண்டை வெல்லத்தை அரைக்கிலோ அரைக்கிலோவாகப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். கல்லாவிலிருந்த பட்டாபி, "அம்சவேணி, நீ கிளம்பும்மா. எத்தனை நாள் ஆனாலும் சரி, கடையைப் பத்தி நினைக்காதே" என்று சொல்லி, தானே தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றக்கூடாது என்றார் டாக்டர். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் மதுமதி புத்தகத்தோடு வந்து அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள். "நீ டென்ஷன் ஆகாதம்மா. அப்பா டீக் ஹோ ஜாயேங்கே. டாக்டர் சொல்ட்டார்ல?" என்று பாதி இந்தியில் தேற்றினாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, ஹரியானாக்காரி, கேட்காமலே தன் ரஜாயில் ஒன்றை எடுத்து மதுமதியின் மேல் போர்த்திவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் மத்தியானம் ஸ்ரீவத்ஸன் வந்தான். நிலையத்தின் இளம் எஞ்சினியர். பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. வாங்கி வந்த ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னுங் சார், மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது?" என்றார் செந்தில்குமார்.

"அங்கிள், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். தொட்டிக்குக் காத்து அடிக்கிற ப்ளோயரோட பெல்ட் அறுந்துடுத்து. மோட்டார் மட்டும் ஓடிண்டிருக்கு. சத்தம் கேக்கறதால காத்து போறதுன்னு எல்லாரும் நெனச்சுட்டா. நீங்க விழுந்ததுக்கப்புறம் அந்த ஏணியில ஏறவே எல்லாருக்கும் பயம். மேல போய் யாருமே பாக்கல."

"எத்தனை நேரமுங்க?"

"ஒன்றரை நாள்."

செந்தில்குமார் கண்ணை மூடிக்கொண்டார். "மூச்சு முட்டிச் செத்துப்போயிருக்கும் சார். எல்லாமே."

அவர் சொன்னது பூச்சிகளை. நுண்ணுயிர் என்று புத்தகத்தில் இருப்பதை அவர் பூச்சி என்றுதான் சொல்வார். அந்த மலையில் எத்தனையோ வருஷத்துக் குப்பை அழுகிக் கிடக்கிறது. மழையும் அழுகலும் சேர்ந்து அடியில் கறுப்புத் தண்ணீராகக் கசிகிறது. டீக்காஷனைவிடக் கறுப்பு, மூக்கை அறுக்கிற நவச்சார நெடி, அம்மோனியா. அது முதலில் ஒரு குட்டையில் சேரும். குட்டையிலிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும். தொட்டியில் கோடி கோடியாகப் பூச்சிகள். கீழிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தால் அவை மூச்சு விட்டு, கறுப்புத் தண்ணீரில் இருக்கும் விஷத்தைத் தின்று பெருகும். தின்று முடித்தவை அடுத்த தொட்டியில் அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். ஆளை வைத்து வேலை வாங்குகிற மாதிரியே இல்லை, குழந்தை வளர்க்கிற மாதிரி என்பார் செந்தில்குமார்.

"இப்ப என்ன பண்றது அங்கிள்? குட்டை ஏறிண்டே இருக்கு. இன்னும் ஒரு முழந்தான் பாக்கி."

"என்னைக் கேக்காதீங்க சார். நான் மல்லாந்து கெடக்கறேன். இவளைக் கூட்டிட்டுப் போங்க."

தம்ளரில் பால் ஆற்றிக்கொண்டிருந்த அம்சவேணி நிமிர்ந்தாள். "ஆரை? என்னையா? நான் பொட்டலம் கட்டறவளுங்க."

"பெருந்துறைப் பக்கம் சாயக்கழிவு நெலையத்துல ஆறு வருசம் லேப்புல ஆரு இருந்தா? மைக்ராஸ்கோப்புல பாத்து இது நல்ல பூச்சி, இது கெட்ட பூச்சின்னு எனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா? அப்ப நான் ஸ்பேனர் புடிக்கற ஆளு சார். பாட்டில்ல தண்ணி மொண்டுக்கிட்டு இவ மேசைக்குப் போறதுதான் என்ற வேலை. வேண்டாத நேரத்துக்கும் மொண்டுக்கிட்டுப் போவேன்."

"சாரு எதுக்கால என்ன பேச்சுங்க இது" என்றாள் அம்சவேணி. மதுமதி புத்தகத்துக்குள் சிரித்தாள்.

ஆனால் அவர் சொன்னது நிஜம். கல்யாணமாகி டெல்லி வந்த பிறகு, லேப் வேலைக்குப் பட்டம் கேட்டார்கள், இந்தி கேட்டார்கள். அவளிடம் இரண்டும் இல்லை. அப்புறம் மதுமதி பிறந்தாள். அம்சவேணி கடையில் போய் உட்கார்ந்தாள். ஆனாலும் மாதத்தில் நாலு தடவையாவது போன் வரும்: "அம்சா, நுரை சோப்பு மாதிரி வெள்ளையா வருது." அவள் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே, "தீனி சாஸ்தியாயிடுச்சுங்க. ரண்டு நாளைக்குக் கம்மியா உடுங்க" என்பாள். கேட்கிறவர்கள் மாடு வளர்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை அவள் நிலையத்துக்குப் போனாள்.

கேட்டுக்கு வெளியிலேயே அழுகின முட்டை வாசம் அடித்தது. ஏணியில் ஏறிப் பார்த்தாள். தொட்டி தார்போலக் கிடந்தது. புது பெல்ட் மாட்டிக் காற்று ஓடியது, ஆனால் வந்த குமிழியெல்லாம் சாம்பல் நிறம். கீழே ஆபரேட்டர் கம்லேஷ் நின்றுகொண்டிருந்தார். பீகாரில் தர்பங்கா பக்கம் சொந்த ஊர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் இறங்கியதும் கை கூப்பினார். "பாபிஜி, கல்தி மேரி ஹை." அண்ணி, தப்பு என்னுடையது என்றார். "அண்ணன் இருந்திருந்தால் தினம் மூணு தடவை மேலே ஏறியிருப்பார். நான் சத்தத்தை நம்பிவிட்டேன்."

அம்சவேணிக்கு அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை. புருஷன் விழுந்த அன்று, பனியில் ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் நின்றபோது, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடியவர் இவர்தான். "மொதல்ல அந்த ஏணிக்குக் கயிறு சுத்துங்க அண்ணா. நான் தினம் ஏறணுமே" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

லேப் என்பது தகரக் கூரை போட்ட அறை. மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். இருபது வருஷம் ஆகிவிட்டது. முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு கை தானாகவே திருகைத் திருகியது. எதுவும் நகரவில்லை. செத்த கூடுகள், தூசி, கறுப்புத் துணுக்குகள். பத்துச் சொட்டுப் பார்த்தாள். பதினோராவது சொட்டை இரண்டாம் தொட்டியின் அடிவண்டலிலிருந்து எடுத்தாள். அதில் ஒரே ஒரு இடத்தில், பழுப்பு நிறத் திரளின் ஓரத்தில், ஏதோ துடித்தது.

"சார், கொஞ்சம் உசுரு இருக்குது" என்றாள். "இன்னைலேர்ந்து கறுப்புத் தண்ணிய நிறுத்துங்க. ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

ஸ்ரீவத்ஸன் திகைத்தான். "ஆன்ட்டி, குட்டை ஃபுல்லாயிண்டிருக்கு. நிறுத்தினா ரெண்டு வாரத்துல வழிஞ்சுடும். கீழ டெய்ரி காலனி இருக்கு. ஆபீஸ்ல என்னைத் தொலைச்சுடுவா."

"நிறுத்தாட்டியும் அதே கறுப்புதானுங்களே வெளிய போகப்போவுது? காச்சல்ல கெடக்கறவனுக்குப் பிரியாணி ஊட்டுவீங்களா? மொதல்ல கஞ்சி. அப்புறம் ரசஞ்சோறு. மெதுவாத்தான் வரோணும்."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "அச்சா, நான் சமாளிக்கறேன். வேற என்ன வேணும்னு சொல்லுங்கோ."

"உசுரு இருக்கற நல்ல வண்டல் ரண்டு டேங்கர் வேணும். இவங்க முன்னால வேலை செஞ்ச சாக்கடைத் தண்ணி நெலையம் இருக்குதில்லீங்களா, அங்க கெடைக்கும். அப்புறம் சாணி. அப்புறம் பூச்சிகளுக்குத் தீனியா வெல்லம்."

டேங்கருக்காக ஸ்ரீவத்ஸன் ஒரு நாள் முழுக்கப் போனும் கையுமாக அலைந்தான். மூன்றாம் நாள் காலை, பனிக்குள்ளிருந்து இரண்டு டேங்கர் பின்னோக்கி ஊர்ந்து வந்தபோது, பரீட்சையில் பாஸான பையன்போல ஓடி வந்து சொன்னான்.

சாணிக்குக் கம்லேஷ் போய் மஹிபாலைக் கூட்டிவந்தார். கீழே டெய்ரி காலனியில் நாற்பது எருமை வைத்திருப்பவர். பெரிய மீசை, தோளில் கம்பளி. அவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, நிலையம் வராத காலத்தில் ஒரு மழைக்குக் கறுப்புத் தண்ணீர் வழிந்து தன் வாசல் வரைக்கும் வந்ததையும், அதைக் குடித்த இரண்டு கன்றுகள் வாயில் நுரை தள்ளிச் செத்ததையும் சொன்னார். சொல்லி முடித்த பிறகு கேட்டார்: "எத்தனை கூடை வேணும், பெஹன்ஜி?" சகோதரி என்று கூப்பிட்டவருக்கு அம்சவேணி விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள். அன்றிலிருந்து தினம் காலை ஏழு மணிக்கு அவருடைய மாட்டுவண்டி வந்தது. சாணியைக் கரைத்து, கோணியில் வடிகட்டி, தொட்டியில் ஊற்றினார்கள். சாணி வண்டியோடு ஒரு தூக்குப் பாலும் வரும். அது டீக்கு.

வெல்லத்துக்குப் பட்டாபியிடம் போன் பண்ணினாள். "குடோன்ல ஓரமா வெச்ச மூட்டை பனியில கசிஞ்சு போயிருக்கு. மூணு மூட்டை. நானே என்ன பண்றதுன்னு முழிச்சுண்டிருந்தேன்" என்றார் அவர். மூட்டைகள் வந்தபோது திறந்து பார்த்தாள். இரண்டு மூட்டைதான் கசிந்தது. மூன்றாவது கல்லுப்போல நல்ல வெல்லம்.

பொங்கலன்று அவள் விடிகாலையில் எழுந்து குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ஒரு டப்பா ஆஸ்பத்திரிக்கு, ஒரு டப்பா நிலையத்துக்கு. கம்லேஷ் வீட்டிலும் அன்று சங்கராந்தி. தயிரும் அவலும் வெல்லமும், எள்ளுருண்டையும் கொண்டுவந்திருந்தார். லேப் வாசலில் வெயில் வருமா என்று பார்த்துக்கொண்டு, ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூன்று பேரும் பகிர்ந்து தின்றார்கள். பின்னால் மலையின்மேல் பருந்துகள் வட்டமிட்டன. லாரிகள் முனகிக்கொண்டு மேலே ஏறின. ஸ்ரீவத்ஸன் பொங்கலை விரலால் வழித்து, "ஆன்ட்டி, இதுலயும் வெல்லம், தொட்டியிலயும் வெல்லம்" என்றான்.

"அதுகளுக்கும் இன்னைக்குப் பொங்கல்தானுங்களே" என்றாள் அவள்.

ஏழாம் நாள் தொட்டியின் கறுப்பு லேசாகக் குறைந்த மாதிரி இருந்தது. முட்டை வாசம் போயிற்று. அன்றைக்கு முதல் தீனி: ஐந்நூறு லிட்டர் கசிவுநீர். வெயில் வந்த பிறகு, பகல் பன்னிரண்டு மணிக்கு, குழாயைத் திறந்து மூடினாள். குளிரில் பூச்சிகளுக்கும் பசி மந்தம். மறுநாள் எழுநூறு. அப்புறம் ஆயிரம். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அரை மணி நேரம் வைத்து, வண்டல் எவ்வளவு படிகிறது என்று பார்ப்பாள். பார்த்ததைச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுவாள்.

"எப்படிப் படியுது? பஞ்சு மாதிரியா, ரவை மாதிரியா?"

"இன்னும் பஞ்சு மாதிரிதானுங்க. ஆனா அடியில ஒரு விரக்கடை கெட்டியா நிக்குது."

"மண்ணு வாசம் வருதா?"

"இன்னும் வல்லீங்க."

"வரும் புள்ளே. உன்ற கை பட்டா வரும்."

பத்தாம் நாள் அவருக்குத் தையல் பிரித்தார்கள். அம்சவேணி நிலையத்துக்கு மத்தியானத்துக்குமேல்தான் போக முடிந்தது. போனபோது தொட்டி தெரியவில்லை. விளிம்புக்குமேல் ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. கீழே வழிந்து லேப் வாசல் வரைக்கும் வந்திருந்தது. ஸ்ரீவத்ஸன் நுரைக்கு நடுவில் ஷூவோடு நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"நான்தான் ஆன்ட்டி. பெரிய ஆபீஸ்லேர்ந்து போன். வெள்ளிக்கிழமை மழை வரும்னு சொன்னா. குட்டையை ஜல்தி எறக்குன்னு கத்தினா. நான் பத்தாயிரம் விட்டுட்டேன்."

அம்சவேணி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். நேரே போய் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். நேற்றுத் துடித்தவையெல்லாம் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே அழுதாள். இத்தனை வருஷத்தில் டெல்லியில் அவள் அழுதது இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். பத்து நாளாக இரண்டு பஸ் மாறி, ஆஸ்பத்திரிக்கும் நிலையத்துக்குமாக ஓடி, சாணியில் கை வைத்துக் காத்ததை ஒரு மத்தியானத்தில் கொன்றுபோட்டார்கள்.

"ஏனுங்க தம்பி, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். சார் என்று சொல்ல மறந்துபோனாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பயந்துட்டேன். ஐயாம் சாரி. ரிப்போர்ட்ல என் தப்புன்னுதான் எழுதியிருக்கேன். யார் மேலயும் போடல."

அப்போது கம்லேஷ் அறைக்குள் வந்து, தயங்கித் தயங்கி, "பாபிஜி, இப்படிக் கொஞ்சம் வாங்க" என்றார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே மூன்று நீல டிரம்கள், கோணி போர்த்தி. ஒவ்வொன்றிலும் மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னக் காற்றுப் பம்பு கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. கோணியை விலக்கினார். உள்ளே தேன் நிறத்தில் வண்டல் புரண்டுகொண்டிருந்தது.

டேங்கர் வந்த அன்றே அந்த வண்டலில் கொஞ்சம் ஒதுக்கி வைத்தாராம். தினம் அவள் தொட்டிக்கு எவ்வளவு ஊற்றுகிறாளோ அதே கணக்கில் இதற்கும் ஒரு கரண்டி கறுப்புத் தண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு தடவை சாகவிட்டவன் நான். மறுபடியும் நம்பி இருக்கப் பயம்" என்றார். பம்புகள் அவர் மகனின் மீன்தொட்டியிலிருந்தும், பக்கத்து வீடுகளிலிருந்தும் கேட்டு வாங்கியவை.

அம்சவேணி டிரம்முக்குள் குனிந்து முகர்ந்தாள். புது மழையில் நனைந்த மண்ணின் வாசம். தொட்டியில் பத்து நாளாக வராத வாசம். கையை விட்டு ஒரு குத்து அள்ளிப் பார்த்தாள். நிமிர்ந்து கம்லேஷைக் கும்பிட்டாள். அவர் பதறி, "அரே பாபிஜி, வேணாம், வேணாம்" என்று பின்னால் போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் நுரையை அடக்கி, மூன்று டிரம்மையும் பாதிப் பாதியாகத் தொட்டியில் ஊற்றினார்கள். மீதிப் பாதியை மறுபடி வளர்த்தார்கள். ஸ்ரீவத்ஸன் தானே பக்கெட் தூக்கினான். பெரிய ஆபீஸிலிருந்து திரும்பப் போன் வந்தபோது அவள் எதிரிலேயே பேசினான். "நோ சார். எவ்வளவு விடறதுன்னு இங்க மேடம்தான் டிசைட் பண்ணுவா. ஆமாம் சார், எழுதியே தர்றேன்." போனை வைத்துவிட்டு மறுபடி பக்கெட்டை எடுத்தான். ஆன்ட்டி அன்று மேடம் ஆனாள்.

இந்தத் தடவை தொட்டி சீக்கிரம் தேறியது. டிரம்மில் வளர்ந்தவை கறுப்புத் தண்ணீருக்குப் பழகியவை. தின்னத் தெரிந்தவை. ஐந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். இடையில் புளிப்பு ஏறாமலிருக்கச் சுண்ணாம்பு. நவச்சாரச் சத்து குறைகிறதா என்று பார்க்க, தெளிந்த நீரில் மருந்துச் சொட்டு விட்டுச் சோதிப்பாள். முதலில் செங்கல் நிறம் வந்தது. நாலு நாளில் ஆரஞ்சுத் தோல் நிறம். அப்புறம் மஞ்சள். நிறம் வெளுத்தால் நவச்சாரம் குறைகிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வரவேண்டிய மழை ஏமாற்றிவிட்டு, அடுத்த வாரம் புதன்கிழமை வந்தது. டெல்லியின் குளிர்கால மழை, சத்தமில்லாமல் இரண்டு நாள் பெய்தது. கம்லேஷ் குட்டைக் கரையில் ஒரு குச்சி நட்டு, கோடு போட்டு, மணிக்கொரு தரம் போய்ப் பார்த்து வந்தார். நாலு விரல் பாக்கி. மூணு விரல். இரண்டு.

புதன்கிழமை காலை அம்சவேணி குடையைப் பிடித்துக்கொண்டு, கயிறு சுற்றிய ஏணியில் ஏறித் தொட்டியைப் பார்த்தாள். பழுப்பாக, நல்ல டீ போல, குமிழியிட்டுப் புரண்டுகொண்டிருந்தது. மழையோடு சேர்ந்து மண் வாசம் எழுந்தது. வருவது மழையின் வாசமா, தொட்டியின் வாசமா என்று சந்தேகம். கீழே இறங்கி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள்.

பழுப்புத் திரளின்மேல், மெல்லிய காம்பில், கண்ணாடியில் செய்த மணிபோல ஒன்று நின்றது. வாயைத் திறந்து சுழற்றியது. சட்டென்று காம்பைச் சுருட்டிக்கொண்டு, மறுபடி நீட்டியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பக்கத்தில் ஐந்தாறு, கொத்தாக. தண்ணீர் சுத்தமாகிறபோதுதான் இந்த ஜாதி வரும். பெருந்துறையில் இதைப் பார்த்தால் லேப்பில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொள்வார்கள். "தம்பி, வாங்க, வாங்க, இங்க வந்து பாருங்க!" என்று கத்தினாள். ஸ்ரீவத்ஸன் பார்த்தான், கம்லேஷ் பார்த்தார், மழைக்கு ஒதுங்கிய சாணி வண்டிக்காரரும் வந்து பார்த்துவிட்டு, "ஏ தோ நாச் ரஹா ஹை" என்று சிரித்தார். ஆடுகிறதே!

"இருபதாயிரம் உடுங்க" என்றாள் அம்சவேணி.

"மேடம், பக்கா?"

"அதுக பசியா இருக்குது தம்பி. உடுங்க."

சாயங்காலம் வரை ஜாடியையும் மைக்ராஸ்கோப்பையும் விட்டு அவள் நகரவில்லை. மணிகள் ஆடிக்கொண்டே இருந்தன. மறுநாள் இருபத்தைந்தாயிரம் விட்டாள். மழை நின்ற வெள்ளிக்கிழமை காலை, குட்டையில் மூன்று விரல் பாக்கி இருந்தது. ஏறவில்லை, இறங்கியிருந்தது.

மஹிபால் அன்று தானே வந்தார். கேட்டுக்கு உள்ளே வந்தார். டெய்ரி காலனிச் சந்துப் பக்கம் கையைக் காட்டி, "மழைத் தண்ணிதான் நிக்குது பெஹன்ஜி. வெறும் மழைத் தண்ணி. கன்னுக்குட்டிங்க அதுல நின்னு விளையாடுதுங்க" என்றார். இரண்டு கையையும் கூப்பினார். அவ்வளவு பெரிய மீசைக்காரர் கும்பிட்டதும் அம்சவேணிக்குக் கூச்சமாகப் போயிற்று. "உங்க எருமைகளுக்குத்தான் கும்பிடு போடோணும்" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. தலையாட்டினார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யார் யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். பட்டாபி சாருடைய கசியாத மூட்டை, மதுமதிக்குப் போர்த்திய ரஜாய், மீன்தொட்டிப் பம்பு கொடுத்த முகம் தெரியாத வீடுகள். எண்ணிக்கொண்டே வந்தவள் தூங்கிப்போய், இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

மாசி பிறந்து பத்து நாளில் செந்தில்குமார் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஒரு திங்கட்கிழமை, நல்ல வெயிலில், மதுமதி அப்பாவை ஆட்டோவில் ஏற்றி நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். கம்லேஷ் நாற்காலியோடு கேட்டுக்கே ஓடினார். ஸ்ரீவத்ஸன் கையில் வருகைப் பதிவேடு. "அங்கிள், இதைப் பாருங்கோ. போன வாரம் ஆர்டர் வந்துது. லேப்புக்கு மேடம் பேர் போட்டாச்சு. பர்மனென்ட்." தமிழ் படிக்கத் தெரியாத அவன், அம்சவேணியின் பெயரைத் தமிழில் எழுத மதுமதியிடம் போனில் கற்றுக்கொண்டிருந்தான். ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில், கோணல் மாணலாக, அம்சவேணி என்று இருந்தது.

"அரே ஸார், 'ணி' சரியாதான் போட்டிருக்கீங்க!" என்றாள் மதுமதி.

செந்தில்குமார் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் லேப் நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பத்தாம் நாள் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: செத்துப்போச்சு. அடுத்த பக்கம்: மறுக்கா ஆரம்பம். அங்கே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜாடியில் வண்டல் ரவைபோலப் படிந்து, மேலே வெளுத்த டீ நிறத்தில் தண்ணீர் தெளிந்து நின்றது.

மணி பன்னிரண்டு ஆயிற்று. தீனி விடுகிற நேரம். அவர் நடைச்சட்டத்தை ஊன்றி எழுந்தார். மெதுவாக, ஒவ்வொரு அடியாக, குழாயின் சக்கரத்தருகே போனார். நாலு வருஷமாக அவரே பார்த்து, அவரே முடிவு பண்ணி, அவரே திறந்த குழாய். சக்கரத்தின்மேல் கையை வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு எவ்வளவு உடலாமுங்க?"

எஞ்சினியரைக் கேட்கிறார் என்றுதான் கம்லேஷ் நினைத்தார். ஸ்ரீவத்ஸன் அம்சவேணியைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து தனக்கு ஒரு 'ங்க' வந்து அவள் கேட்டதில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

அவள் ஜாடியை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"முப்பதாயிரம் உடுங்க. மத்தியானத்துக்கு மேல பாத்துப்போட்டு மிச்சத்தைச் சொல்றேன்."

"சரிங்க" என்றார் செந்தில்குமார். நடைச்சட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைத் திருப்பினார்.